கீழே விழுந்த ஹெல்மெட்டை மறுபடியும் போடலாமா?

திருமங்கலத்திலிருந்து மதுரைக்குத் தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வரும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "புது ஹெல்மெட் சீட்டிலிருந்து நழுவித் தரையில் விழுந்துவிட்டது. வெளியே ஒரு கீறல்தான். தொடர்ந்து போடலாமா, மாற்ற வேண்டுமா? உள்ளே வியர்வை நாற்றம் அடிக்கிறது, எப்படிக் கழுவுவது? பின்னால் உட்காரும் ஆறு வயதுப் பையனுக்கும் ஹெல்மெட் வேண்டுமா?" ஹெல்மெட் விற்கும் கடையில் நின்று, வருகிறவர்களுக்கு மாட்டி அளவு பார்த்துக் கொடுக்கிறவன் நான். தினமும் காதில் விழும் கேள்விகள் இவை. மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: காலி ஹெல்மெட் சீட் உயரத்திலிருந்து விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, போடலாம். ஆனால் அதே ஹெல்மெட் தலையில் இருக்கும்போது வண்டி சறுக்கி விழுந்து, தலை தரையில் இடித்திருந்தால் கதை வேறு. வெளியே கீறல்கூட இல்லையென்றாலும் அதை மாற்றிவிட வேண்டும். இது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்றப் பராமரிப்பு பாதி புரிந்த மாதிரி.

உள்துணியைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெர்மாகோல் தெரியும். டிவி வாங்கும்போது அட்டைப்பெட்டிக்குள் வருகிற அதே வகைப் பொருள்தான், அடர்த்தி மட்டும் கூடுதல். உயிரைக் காப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான். வெளியே இருக்கும் கெட்டியான ஓடு ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருக்கலாம், பாலிகார்பனேட்டாக இருக்கலாம், ஃபைபர்கிளாஸாக இருக்கலாம். கூரான கல் உள்ளே குத்தாமல் பார்த்துக்கொள்வதும், அடியை ஒரே இடத்தில் இறங்க விடாமல் பரப்புவதும், ரோட்டில் தலை சிக்காமல் சறுக்கிப் போக விடுவதும் அதன் வேலை. அடியின் வேகத்தை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கிற தெர்மாகோல். நின்றபடியே சாய்ந்து விழுந்தால்கூடத் தலை தரையைத் தொடும்போது கிட்டத்தட்ட மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் இருக்கும். வெறும் தலையாக இருந்தால் அந்த வேகம் தார் ரோட்டில் ஒருசில மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். மண்டையோடு நின்றுவிடும், உள்ளே மூளை நிற்காமல் போய் எலும்பில் மோதும். தெர்மாகோல் நசுங்கி இரண்டு செ.மீ. வழிவிட்டால் அந்த வேகம் படிப்படியாகக் குறையும். அந்த இரண்டு செ.மீ.க்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

நசுங்கிய தெர்மாகோல் திரும்ப முழுசாக எழும்பாது. அடுத்த முறை அதே இடத்தில் அடிபட்டால் அங்கே நசுங்குவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. மனிதத் தலை நாலரை, ஐந்து கிலோ எடை. அந்த எடை உள்ளேயிருந்து தள்ளும்போதுதான் தெர்மாகோல் நசுங்குகிறது. காலி ஹெல்மெட் விழும்போது உள்ளேயிருந்து தள்ள ஒன்றும் இல்லை, ஓடுதான் கீறல் வாங்குகிறது. ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி ஓட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்துங்கள், நறநறவென்று சத்தம் வரக் கூடாது. உள்துணியை எடுத்துவிட்டுத் தெர்மாகோலை விரலால் தடவுங்கள், பிளவோ பள்ளமோ இருக்கக் கூடாது. மாடியிலிருந்து விழுந்தது, ஓடுகிற வண்டியிலிருந்து உருண்டது என்றால் சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இந்த நசுங்கும் உள்பாகம் ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. 1935 மே மாதம் இங்கிலாந்தில், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற ராணுவ அதிகாரி டி.ஈ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தலையில் அடிபட்டு, ஆறு நாள் கழித்து இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணர். ராணுவத்தில் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் தலையில் அடிபட்டுச் சாவதை அவர் தொடர்ந்து கவனித்து 1941-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பிரிட்டிஷ் ராணுவம் அவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் லொம்பார்ட் என்ற பேராசிரியர், ஓட்டுக்குள்ளே நசுங்கி அடியை வாங்கும் ஓர் அடுக்கை வைத்து 1953-ல் காப்புரிமை பெற்றார். இன்று நம் தலையில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான். பலன் சின்னதல்ல. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2008-ம் ஆண்டு அறிக்கை, ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று சொல்கிறது.

சரி, தெர்மாகோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடிபடும் நொடியில் அது தலையில் இருந்தால்தானே? இங்கேதான் நம் ஊரில் பெரிய ஓட்டை. தாடைப் பட்டை போடாமல் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். விழுந்தால் முதலில் பறப்பது ஹெல்மெட்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, தலையில் பட்டையால் இறுக்கிக் கட்டியதைத்தான் ஹெல்மெட் என்று ஏற்கிறது. சும்மா கவிழ்த்துக்கொண்டால் சட்டப்படியும் நீங்கள் ஹெல்மெட் போடவில்லை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து இதற்கு அபராதம் 1,000 ரூபாய். அபராதத்தை நான் பெரிசாகச் சொல்லவில்லை, விழுந்தால் ஆகும் செலவுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

பட்டையை எப்படிப் போடுவது என்பதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பல்வரிசை லாக் உள்ள மாடலில் நாக்கைச் செருகும்போது கடகடவென்று இரண்டு மூன்று பல் ஏறும் சத்தம் கேட்க வேண்டும். ஒரே ஒரு பல்லில் நிற்கிறது என்றால் பட்டை நீளத்தைக் குறைக்க வேண்டும். போட்ட பிறகு பட்டையைக் கீழே இழுத்துப் பாருங்கள், நழுவக் கூடாது. இரட்டை வளைய வகையில் பட்டையை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, திருப்பி, வெளி வளையத்துக்கு மேலாகவும் உள்வளையத்துக்குள்ளாகவும் கொண்டுவந்து இழுக்க வேண்டும். பட்டை நுனியில் ஒரு பிரஸ் பட்டன் இருக்கும். அது மிச்சப் பட்டை காற்றில் அடிக்காமல் இருக்க மட்டும்தான். அந்தப் பட்டனை மட்டும் அழுத்திவிட்டு லாக் போட்டாயிற்று என்று நினைக்கிறவர்கள் கடைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு இழுப்பில் பிரிந்துவிடும். பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும், அதற்கு மேல் இடம் இருந்தால் லூஸ்.

பட்டை சரியாக இருந்தும் ஹெல்மெட் கழன்றுவிடும் என்றால் அளவு தவறு. புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி, தையல் டேப்பால் அளந்து பாருங்கள். 58 செ.மீ. வந்தால் பெரும்பாலான கம்பெனிகளில் மீடியம், 60 என்றால் லார்ஜ். டேப் தரும் எண் ஆரம்பம்தான், மாட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். புது ஹெல்மெட் கன்னத்தை நன்றாக அழுத்த வேண்டும். தலையை இடம் வலமாக ஆட்டும்போது ஹெல்மெட் தனியாக ஆடாமல் முகத்தோலையும் சேர்த்து இழுக்க வேண்டும். பட்டையைப் போட்டுக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து யாரையாவது மேலும் முன்னுமாகத் தள்ளச் சொல்லுங்கள். நெற்றியைத் தாண்டி முகத்துப் பக்கமாகக் கவிழ்ந்து கழன்றால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. கடையில் "சௌகரியமா இருக்கு" என்று ஒரு சைஸ் பெரிசாக எடுக்கிறவர்கள்தான் அதிகம். கன்னத்துப் பஞ்சு சில வாரத்தில் அமுங்கிக் கொடுக்கும், அப்போது பெரிசு மேலும் பெரிசாகிவிடும். அதேசமயம் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் வலித்தால் அது பழகாது, வேறு மாடல் பாருங்கள்.

பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உச்சியிலோ பின்மண்டை நடுவிலோ கொண்டை போட்டு அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்தால் அது முன்பக்கம் சாய்ந்து, பின்பக்கம் தூக்கி நிற்கும். கிளிப், கொண்டை ஊசி எல்லாம் அடிபடும்போது தலைக்குள் ஏறுகிற பொருள்கள். பின்னலைக் கழுத்துக்குக் கீழே தாழ விட்டுவிட்டால் ஹெல்மெட் சரியாக உட்காரும். பூவை வண்டியிலிருந்து இறங்கி வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இந்த செல்போன். காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே போனைச் செருகிப் பேசிக்கொண்டே போகிறார்கள். கவனம் சிதறுவது ஒரு பக்கம். விழுந்தால் அந்தக் கெட்டியான போன் கன்ன எலும்பின் மேல் நேராக அழுந்தும், அங்கே நசுங்கிக் கொடுக்க எதுவும் இல்லை. ஸ்பீக்கர் வைக்கவென்று தெர்மாகோலைக் கத்தியால் குடைவதும் கூடாது.

இனி நாற்றத்துக்கு வருகிறேன். நம் ஊரில் வியர்வையோடு தேங்காயெண்ணெயும் சேர்ந்து துணியில் ஊறி, தூசி பிடித்து, மெழுகு மாதிரி ஆகிவிடுகிறது. வாசனை ஸ்ப்ரே அடித்தால் ஒரு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். நிறைய மாடல்களில் உள்துணியும் கன்னப் பஞ்சும் பிரஸ் பட்டனில் இருக்கும், மெதுவாக இழுத்தால் வந்துவிடும். எது இடம், எது வலம் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு கொஞ்சம் கலந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, கையால் அமுக்கி அமுக்கி அலசுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் இருந்தால் இரண்டாவது தண்ணீரும் பழுப்பாகத்தான் வரும், தெளியும்வரை அலச வேண்டியதுதான். முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு உருண்டு போகும். துண்டில் வைத்து அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு நிழலில், ஃபேன் காற்றில் காயவையுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம், பிளீச்சிங் பவுடர் வேண்டாம், ஹேர் டிரையர் சூடும் வேண்டாம்.

துணி கழற்ற வராத மாடல் என்றால் ஹெல்மெட்டையே பாத்திரம் மாதிரி மல்லாத்திப் பிடித்து, உள்ளே அதே ஷாம்புத் தண்ணீரை ஊற்றி, விரலால் தேய்த்துக் கழுவலாம். வெறும் தண்ணீரால் தெர்மாகோலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் முழுசாகக் காய இரண்டு நாள் ஆகும், சனிக்கிழமை சாயங்காலம் செய்தால் திங்கட்கிழமைக்குத் தயாராக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ஹெல்மெட்டை அப்படியே மூடி வைத்தால் துணியில் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்கு வந்ததும் வைசரை, அதாவது முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி மூடியைத் திறந்து ஃபேனுக்குக் கீழே வைத்துவிடுங்கள். மெல்லிய பருத்தித் தலைக்குல்லா ஒன்று போட்டு அதன்மேல் ஹெல்மெட் மாட்டினால் துணி அழுக்காவது பாதியாகக் குறையும். குல்லாவைத் தினமும் துவைத்துக்கொள்ளலாம். கைக்குட்டையை மடித்து வைப்பதும் துண்டைச் சுற்றுவதும் வேறு விஷயம், அவை தடிமனாக இருந்து அளவையே மாற்றிவிடும்.

முடி கொட்டும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. ஆண்களுக்கு வழுக்கை விழுவதற்குப் பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனும்தான் காரணம். அழுக்குத் துணியும், ஈரத் தலையோடு ஹெல்மெட் மாட்டுவதும் அரிப்பையும் பொடுகையும் கூட்டும், அதைக் கழுவிச் சரிசெய்யலாம். அதற்காக ஹெல்மெட்டையே விட்டுவிடுவது நியாயமில்லை.

தண்ணீர் ஒன்றும் செய்யாது என்றேன், பெட்ரோல் அப்படி இல்லை. தெர்மாகோல் துண்டின் மேல் பெட்ரோல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கண்முன்னே கரைந்து குழி விழும். தின்னர், மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் ஹெல்மெட் பக்கம் கொண்டுவராதீர்கள். தார்க் கறையைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைக்கும் பழக்கம் மெக்கானிக் கடைகளில் உண்டு. பளபளப்பாகத்தான் தெரியும், ஆனால் பிளாஸ்டிக் ஓடு உள்ளுக்குள் பலம் இழந்திருக்கும். பங்கில் பெட்ரோல் போடும்போது திறந்த டேங்க் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைப்பதும் இதே காரணத்தால் தவறு. ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பதும் வேண்டாம், அதிலிருக்கும் கரைப்பான் பாலிகார்பனேட்டை அரிக்கும்.

வண்டியை நிறுத்தினால் ஹெல்மெட்டைக் கண்ணாடி மேல் கவிழ்ப்பது எல்லோருடைய வழக்கம். கண்ணாடியின் கூரான விளிம்பு உள்ளே ஒரே இடத்தில் அழுத்தி, நாள்பட நாள்பட அந்த இடத்துத் தெர்மாகோலில் குழி விழுந்துவிடும். பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டுங்கள், இல்லையென்றால் கையோடு கொண்டுபோய் அலமாரியில் வையுங்கள். சித்திரை வெயிலில் நாள் முழுக்க வண்டி மேல் கிடந்தால் பசை இளகும், துணி உரியும், நிறம் மங்கும்.

வைசருக்கு இரண்டே விஷயம். காய்ந்த தூசியை முந்தானையாலோ சட்டை நுனியாலோ துடைத்தால் அது மணலை வைத்துத் தேய்ப்பதுதான், ஒவ்வொரு தடவையும் நுண்ணிய கீறல் விழும். பகலில் தெரியாது. இரவில் நாலுவழிச்சாலையில் எதிரே லாரி வரும்போது அந்தக் கீறல் ஒவ்வொன்றும் வெளிச்சத்தை வாரியிறைத்துக் கண்ணை மறைக்கும். நனைத்த மெல்லிய துணியைப் பத்து நிமிடம் வைசர் மேல் போட்டுவிடுங்கள், ஒட்டிய பூச்சியும் மண்ணும் ஊறி இளகும், பிறகு தண்ணீர் ஊற்றி மெதுவாகத் துடைத்தால் போதும். வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் திரவத்தில் அமோனியா இருக்கலாம், பாலிகார்பனேட்டுக்கு அது ஆகாது. கீறல் விழுந்துவிட்டால் சில நூறு ரூபாயில் புது வைசர் மட்டும் தனியாகக் கிடைக்கும். கறுப்பு வைசர் போட்டிருப்பவர்கள் இருட்டியபின் அதோடு ஓட்டக் கூடாது.

உங்கள் பையனுக்குக் கட்டாயம் வேண்டும். நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் 129-வது பிரிவு பொருந்தும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கும் 2023 பிப்ரவரி 15 முதல் விதி இருக்கிறது: ஹெல்மெட், ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, வண்டி வேகம் 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பெரியவர்களின் பழைய ஹெல்மெட்டைப் பஞ்சு வைத்துக் குழந்தைக்கு மாட்டிவிடாதீர்கள். தலை உள்ளே உருளும், எடையைப் பிஞ்சுக் கழுத்து தாங்காது. பையனைக் கடைக்கே அழைத்துப்போய் அளந்து, இருப்பதில் எடை குறைந்ததாகப் பார்த்து எடுங்கள். நிறத்தை மட்டும் அவனிடம் விட்டுவிடுங்கள், அவனே எடுத்த நிறமென்றால் அடம்பிடிக்காமல் மாட்டிக்கொள்வான்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையை ஒட்டியிருக்கும் எழுத்துகளோடு சேர்த்துப் படியுங்கள். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அடித்தால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது, இன்னும் செல்லுமா என்று வந்துவிடும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டை நாட்டில் விற்பதே குற்றம். ஆனாலும் ரோட்டோரத்தில் குவித்துப் போட்டு விற்பதில் வெறும் ஸ்டிக்கர் முத்திரை நிறைய. அதன் துணியைத் தூக்கிப் பார்த்தால் சிலவற்றில் தெர்மாகோலே இருக்காது, மெல்லிய ஸ்பாஞ்ச்தான் இருக்கும். கட்டட வேலைக்கான மஞ்சள் தொப்பி மேலேயிருந்து விழும் பொருளுக்காகச் செய்தது, ரோட்டில் அது பயன்படாது. முகம் முழுக்க மூடும் வகையை நான் சொல்வேன், தாடை முதலில் தரையில் இடிக்கும் விழுகைகள் நிறைய, அரை ஹெல்மெட் அங்கே கையை விரித்துவிடும்.

விபத்தைப் பார்க்க நேர்ந்தால் விழுந்தவரின் ஹெல்மெட்டை அவசரமாக இழுத்துக் கழற்றாதீர்கள். கழுத்தெலும்பு விலகியிருந்தால் அந்த இழுப்பே ஆளை முடக்கிவிடும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வைசரைத் திறந்து மூச்சு வருகிறதா என்று பாருங்கள். மூச்சு சீராக இருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை ஹெல்மெட் அப்படியே இருக்கட்டும். மூச்சே இல்லை, வாந்தியால் அடைக்கிறது என்றால் மட்டும் இரண்டு பேராகக் கழற்றலாம். ஒருவர் தாடையையும் பின்கழுத்தையும் அசையாமல் தாங்கிக்கொள்ள, மற்றவர் பட்டையை அவிழ்த்து அல்லது வெட்டி, ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் வெளிப்பக்கம் விரித்தபடி மெதுவாக உருவ வேண்டும்.

அடிபடாத ஹெல்மெட்டையும் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்வது பொதுவான வழிகாட்டுதல். நம் வெயில், வியர்வை, எண்ணெய் எல்லாம் சேர்ந்து பசையையும் பஞ்சையும் தளர்த்திவிடும், தினமும் ஓட்டுகிறவர்களுக்கு நான்கு வருடத்திலேயே கன்னம் தொளதொளவென்று ஆகியிருக்கும். தயாரித்த மாதமும் வருடமும் உள்ளே லேபிளில் இருக்கும், வாங்கும்போதே பாருங்கள். மாற்றிய பழையதை அப்படியே குப்பையிலோ பழைய சாமான்காரரிடமோ போடாதீர்கள். துடைத்து, ரோட்டோரத்தில் இன்னொருவருக்கு விற்றுவிடுவார்கள். முதலில் தாடைப் பட்டை இரண்டையும் கத்திரிக்கோலால் அடியோடு வெட்டுங்கள், உள்ளேயிருக்கும் தெர்மாகோலைப் பெயர்த்து உடைத்துவிடுங்கள், பிறகு போடுங்கள்.